பூசிமெழுகியும் விடாக்கண்டனும்

கீறல் விழுந்த பாட்டு சிடியைக் கணினிக்கு இறக்க எந்த மென்பொருள் நல்லது என்று நம் தொழில்காரர்களின் வட்சப் குழுவில் போன கிழமை ஒரு தம்பி கேட்டிருந்தார். உடனே பத்துப் பேர் பத்துப் பெயர் எழுதினீர்கள். ஒருவர் 'எது வேகமோ அது' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் முகமும் போட்டிருந்தார். நானும் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன், எழும்பி வெளியே போய் வந்தேன், மறுபடி எழுதினேன். ஒரு வரியில் முடிக்கிற பதில்தான். ஆனால் அந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் போனது. அதை மஞ்சள் முகத்துக்குக் கீழே எழுத மனம் வரவில்லை. ஆகவே இங்கே நீட்டி எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பந்திக்குத் தாவ வேண்டாம். தாவுவதைப் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன்.

கல்பிட்டியில் என் பதிவுக்கடை இருந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். முதலில் கசட், பிறகு சிடி, கடைசியில் பென் டிரைவ். கருவிகள் மாறினாலும் ஒரு விதியை மட்டும் நான் மாற்றவில்லை. ஆட்களின் சொந்தப் பதிவைக் கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்துதான் அனுப்புவார்கள். வீட்டில் கசட்டில் பேசிக் கொண்டுவருவார்கள், நான் அதை சிடிக்கு மாற்றிவிட்டுக் கசட்டை அழித்துத் திருப்பிக் கொடுப்பேன். பெண்சாதி புருஷனுக்குச் சொல்வது, உம்மா மகனுக்குச் சொல்வது எல்லாம் என் கைவழியே போயிருக்கிறது. நான் ஸ்பீக்கரை மூடிவிட்டு, சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி துள்ளுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேலை தந்த முதலாளி சொன்னது அது: "ஊசியப் பாரு. கதையக் கேக்காத." சின்ன ஊரில் இந்த விதி இல்லாமல் இந்தத் தொழில் ஒரு மாதம்கூட ஓடாது. அதைக் காப்பாற்றினேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மென்பொருள் கதைக்கு வருமுன் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விளையாட்டுப் போட்டி. பிள்ளைகளின் உடற்பயிற்சிக் காட்சிக்கான இசை சிடியில் கீறல் விழுந்து ஓரிடத்தில் தாவியது. முதல் நாள் டீச்சர் ஒருவர் வந்து, பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். நான் என் கெட்டித்தனத்தைக் காட்டி, வேறெங்கோ இருந்து முழுப் பாட்டையும் எடுத்து, தாவலே இல்லாமல் செய்து கொடுத்தேன். மறுநாள் மைதானத்தில் அறுபது பிள்ளைகளும் அந்த இடம் வந்ததும் சரியாக ஒரு அடி தாவினார்கள். இசை தாவவில்லை. மூன்று கிழமையாகக் கீறலோடு பழகியிருந்தார்கள் பாவம். பாதிப் பிள்ளைகள் கிழக்கே பார்க்க, மீதிப் பிள்ளைகள் கடலைப் பார்த்து நின்றார்கள்.

"ஆர் சேர் ஒங்கள திருத்தச் சொன்ன?" என்று டீச்சர் அழாத குறையாகக் கேட்டார்.

நான் கற்க வேண்டிய பாடம் 'கேட்டுவிட்டுச் செய்' என்பது. நான் கற்றதோ வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பது என் தலைவலி இல்லை, நிற்காமல் ஓடினால் போதும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவுக்குத் தோதாக ஒரு மென்பொருளும் கிடைத்தது. அதன் உண்மைப் பெயர் வேண்டாம். நான் வைத்த பெயர் பூசிமெழுகி. எந்தக் கீறல் சிடியைக் கொடுத்தாலும் ஐந்து நிமிஷத்தில் இறக்கித் தரும். படிக்க முடியாத துண்டை விட்டுவிட்டு, முன்னையும் பின்னையும் இழுத்து ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் தேய்த்துவிடும். முறையிடாது. கடைசியில் 'முடிந்தது' என்று பச்சை எழுத்தில் காட்டும். வாடிக்கைக்காரருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். வருஷக்கணக்கில் நாங்கள் எல்லோரும் இப்படிச் சந்தோஷமாக இருந்தோம்.

நான் கடையை விடுவதற்கு முந்தின வருஷம், ஹஜ்ஜுக்கு ஆட்கள் புறப்படுகிற காலம். ஒரு திங்கட்கிழமை பகல், குறிஞ்சிப்பிட்டியில் இருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கைப்பைக்குள் இருந்து துணியில் சுற்றிய சிடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் இருந்த எழுத்து என் எழுத்து. அண்ணனை நானா என்பது எங்கள் ஊர் வழக்கம், அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"நானா, இதுல எங்கட வாப்பாட குரல் ஈக்கு. நான் கத்தார்ல ஈக்கக்குள்ள அனுப்பின. நீங்கதான் பதிஞ்ச."

"ஓம் தங்கச்சி, என்ட எழுத்துத்தான். இப்ப ஓடுதில்லையா?"

"ஓடுமோ தெரியா. ஒருக்காலும் போடல்ல."

தலையைக் குனிந்துகொண்டுதான் மிச்சத்தைச் சொன்னார். வாப்பா பேசி வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கனமூலை ஊர்க்காரர் ஒருவரைக் கலியாணம் முடித்துக்கொண்டு கத்தார் போனவர் அவர். வாப்பா கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு வருஷம் கழித்து இந்த சிடி வந்திருக்கிறது. ஏசித்தான் அனுப்பியிருக்கிறார் என்ற பயத்தில் அதைப் போடாமலே பெட்டிக்குள் வளையல்களோடு வைத்துவிட்டார். சில மாதத்தில் வாப்பா மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு போட இன்னும் பயம். வீடு மாறி, நாடு மாறி, வளையல்கள் உரசி உரசி சிடியின் வயிற்றில் கோடுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

"வெள்ளிக்கெழம ஹஜ்ஜுக்குப் போற, நானா. ஊரெல்லாம் போய்ப் பொருத்தம் கேட்டுட்டன். வாப்பாட்டத்தான் கேக்கல்ல."

வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளுங்கள், அதாவது மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். அதில் பெற்றவர்களின் பொருத்தம் முதலாவது. மௌத்தான ஒருவரிடம் போய்க் கேட்க முடியாது. அவர் சொல்லிவிட்டுப் போன ஒரே சொல் அந்தக் கோடுகளுக்குள் இருந்தது.

"பதியக்குள்ள கேட்டீப்பீங்கதானே, நானா? என்ன சொன்னார்?"

எனக்குத் தெரியாது. ஊசியைத்தான் பார்த்திருந்தேன்.

நான் பூசிமெழுகியைத் திறந்தேன். வேறெதையும் யோசிக்கவே இல்லை. ஐந்து நிமிஷம், பச்சை எழுத்து. அவர் தனியாகக் கேட்கப் பயந்தார், "நீங்களும் ஈங்க" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் விதியை மீறி, ஸ்பீக்கரைத் திறந்து, ஒரு கடிதத்தைக் கேட்டேன்.

கரகரத்த குரல். பின்னால் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிஷின் டுக்கு டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய்க் கன்று, ஊர்ச் செய்தி, உம்மாவின் முழங்கால் வலி என்று நெடுநேரம் பேசினார். இடையிடையே வார்த்தைகள் விழுந்தன. பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்து, "மகள், ஒன்ன பொருந்தாம நான் போவன்…" என்றது. "புள்ள" என்று ஒரு சொல் தனியாக வந்தது. அத்தோடு ஸலாம் சொல்லி முடித்துவிட்டார்.

உன்னை மன்னிக்காமல் போவேன். பெற்ற மகளுக்கு ஒரு தகப்பன் சொன்ன கடைசிச் சொல்.

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"போதும் நானா. எனக்கு வெளங்கிட்டு. நான் போறல்ல. வியாழக்கெழம பகலுக்குள்ள சொன்னா அந்த எடத்த வேற ஆருக்கும் குடுப்பாங்க."

சிடியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். நான் கடையை மூடவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. சந்திக்குப் போய்த் தேத்தண்ணி சொன்னேன், குடிக்காமல் திரும்பினேன். ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. துக்கம் என்றால் துக்கம் என்று தெரியும். இது வேறு. அந்தச் சொல் வந்த நேரத்தில் என் தலை தானாக ஒரு பக்கம் திரும்பியது ஞாபகம் வந்தது. ஏன் திரும்பினேன்?

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது, வழியில் ஒரு தோட்டத்தில் தண்ணீர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டுக்கு டுக்கு டுக்கு. திடீரென்று ஒரு அடி தவறியது. வெங்காயப் பாத்தியில் குனிந்திருந்த மனிதர் சட்டென்று தலையைத் திருப்பினார். நானும் திருப்பினேன். தோட்டக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு அது உடம்போடு வந்த பழக்கம். மிஷின் ஒரு அடி தவறினால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழும்பி ஓடுவோம். நான் சைக்கிளை அந்த இடத்திலேயே திருப்பினேன்.

கடைக்கு வந்து அந்த ஒரு இடத்தை மட்டும் போட்டேன். குரலை விட்டுவிட்டு மிஷினை மட்டும் கேட்டேன். டுக்கு டுக்கு டுக்கு என்று சீராக வந்து, 'போ'வுக்கும் 'வன்'னுக்கும் நடுவில் அரை அடியை விழுங்கியது. 'வன்'னுக்குப் பிறகு இன்னொரு அரை அடி. ஓடுகிற மிஷின் அப்படித் தவறினால் அடுத்த அடி தடுமாறும், திணறும். இது தடுமாறவே இல்லை. தவறியது மிஷின் இல்லை. அங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது. அந்த வாப்பா 'போவன்' என்று சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. 'போ' ஒரு சொல்லில் இருந்தும் 'வன்' இன்னொரு சொல்லில் இருந்தும் வந்திருக்கலாம். மன்னித்தேன், மன்னிக்கவில்லை என்ற வித்தியாசத்தை நம் பாஷை வாக்கியத்தின் வாலில் அல்லவா வைத்திருக்கிறது! வாலை வெட்டி வேறு வாலை ஒட்டிவிட்டு, 'முடிந்தது' என்று பச்சையாகக் காட்டியிருந்தது பூசிமெழுகி. பழி அதன் மேல் இல்லை. அதைக் கொடுத்தவன் நான்.

இப்போது என் பிரச்சினை வேறு. அந்தப் பெண்ணிடம் சொல்வதா, வேண்டாமா? சந்தேகம் இருக்கிறது என்று சொல்லி, கடைசியில் அதே சொல்தான் வந்தால் ஒரே ஆளை இரண்டு தடவை அடித்தது போலாகும். சொல்லாமல் இருந்தால் வியாழக்கிழமை அந்த இடம் போய்விடும். கையில் போனோடு கடைக்குள் எத்தனை நடை நடந்தேன் என்று தெரியாது. கடைசியில் எடுத்தேன்.

"தங்கச்சி, எடத்த விட்டுக் குடுக்காதீங்க. வியாழன் பகல் வரைக்கும் பொறுங்க. ஏனெண்டு இப்ப கேக்காதீங்க."

"பொய்யா ஆச காட்டாதீங்க, நானா" என்றார்.

"ஆச காட்டல்ல. நான் செஞ்ச வேல பிழை. அது மட்டுந்தான் இப்ப தெரியும்."

போனை வைத்துவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

இன்னொரு மென்பொருள் என்னிடம் இருந்தது. அதற்கு விடாக்கண்டன் என்று பெயர். யாரோ தந்து, ஒரே தடவை போட்டுப் பார்த்து, எரிச்சலில் ஒதுக்கி வைத்தது. ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பத்துத் தடவை, ஐம்பது தடவை படிக்கும். அப்படியும் சரிவராவிட்டால், இன்ன நிமிஷம் இன்ன வினாடி எனக்கு நிச்சயமில்லை என்று எழுதி வைக்கும். ஒரு பாட்டுக்கு அரை நாள் போகும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

செவ்வாய் முழுக்கக் கடைக் கணினியின் சிடி டிரைவில் ஓடியது. அந்த இடத்துக்கு வந்ததும் முனகியது, முனகிக்கொண்டே இருந்தது, கடைசியில் நிச்சயமில்லை என்று எழுதியது. புதன் காலை மடிகணினியில் போட்டேன். அதிலும் நிச்சயமில்லை. ஒரு டிரைவின் கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்றின் கண்ணுக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மதுரங்குளியில் தொழில் செய்கிற ஒரு கூட்டாளிக்குப் போன் அடித்து, அவனுடைய பழைய கணினியில் இருந்த டிரைவைக் கழற்றி பஸ்ஸில் அனுப்பச் சொன்னேன். 'இதுக்கா பஸ்?' என்று சிரித்தான். அனுப்பினான்.

பஸ் வரும்வரை நான் செய்யப் பார்த்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பதிவில் வேறோர் இடத்தில் வாப்பா, "நான் ஒருத்தர்ட்டையும் போய் நிக்கமாட்டன்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த 'மாட்டன்' என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெட்டி ஒட்ட ஐந்து நிமிஷம் போதும். மகள் சந்தோஷமாக ஹஜ்ஜுக்குப் போவார். கை மவுஸில்தான் இருந்தது. நான் பெரிய யோக்கியன் என்பதால் விட்டேன் என்று நினைக்காதீர்கள். அங்கே மிஷின் வேறு வேகத்தில் ஓடியது, ஒட்டினால் பொருந்தாது என்பதுதான் முதலில் தோன்றியது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. நல்லவேளையாக வந்தது.

மூன்றாவது டிரைவில் புதன் பின்னேரம் தொடங்கி, வியாழன் காலை நான் கடை திறக்கும்போது வேலை முடிந்திருந்தது. பச்சை எழுத்து இல்லை. நீளமான பட்டியல் ஒன்று. அந்த இடத்தில் அரை வினாடி மட்டும் நிச்சயமில்லை என்று இருந்தது. ஹெட்போனைப் போட்டேன். முதலில் மிஷினைத்தான் கேட்டேன். ஒரு அடிகூடத் தவறவில்லை.

போன் எடுத்து "வாங்க" என்று மட்டும் சொன்னேன். சொல்லை நான் சொல்லக் கூடாது, அது அவருடைய வாப்பாவின் சொல். ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டார். ஹெட்போனை நீட்டிவிட்டு நான் வாசலுக்குப் போனேன். ஆனாலும் எனக்கு அது மனப்பாடம்.

"மகள், ஒன்ன பொருந்தாம நான் போ…" என்று ஒரு கரகரப்பு, அதற்குள் இருந்து "…மாட்டன். வந்து சேரு, புள்ள."

மன்னிக்காமல் போகமாட்டேன். வந்து சேர். அந்த 'வந்து'வில் இருந்துதான் பூசிமெழுகி 'வன்'னைத் திருடியிருந்தது.

உள்ளே அழுகை கேட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. பொருத்தம் கிடைத்துவிட்டது, இனிப் போவார் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து உள்ளே போனேன். அவர் அதே இடத்தை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லீக்கார், நானா" என்றார். "பொருந்திட்டு, வரச் சொல்லீக்கார். அதுக்குப் பொறகு அஞ்சு மாசம் ஹயாத்தோட, உசிரோட இருந்தார். நான் இத பொட்டிக்குள்ள வச்சிக்கிட்டு இருந்தன்."

பிழையான சொல்லைக் கொடுத்தபோது எழும்பிப் போனவர், சரியான சொல்லைக் கொடுத்ததும் எழும்ப முடியாமல் இருந்தார். இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? மிஷினையும் வாலையும் கண்டுபிடித்த கெட்டித்தனத்தில் 'வந்து சேரு' என்பதை நான் சரியாகக் கேட்கவே இல்லை.

நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கான பிரதியை எடுத்தேன். கரகரப்பை நீக்கவா என்று இந்தத் தடவை கேட்டேன். "வேணாம், ஈக்கிற மாதிரியே தாங்க" என்றார். நாளைக்குப் புறப்படுவதாகவும், எனக்கும் அங்கே துஆ செய்வதாகவும் சொன்னார். படியில் இறங்கி நின்று, திரும்பிப் பார்த்தார்.

"அண்டைக்குப் பதியக்குள்ள நீங்க கேட்டீக்கலாமே, நானா. கேட்டிருந்தா ஆருட்டையாவது ஒரு சொல் சொல்லி அனுப்பீப்பீங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. வெறுமனே கேட்டார். அந்த நேரம் அவருடைய வாப்பா என் கண் முன்னால் வந்து நின்றார். உடுத்திருந்த சாரத்தில் மண்ணோடு, ஷொப்பிங் பேக்கில் கசட்டோடு வந்து, "இது என்ட மகளுக்கு. நீ கேக்காம பதிஞ்சி தரணும், மகன்" என்று சொல்லி, நான் ஸ்பீக்கரை மூடும்வரை நின்று பார்த்த மனிதர். அவர்தான் கேட்க வேண்டாம் என்றார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நான் தப்பிவிடுவேன். அந்தப் பாரமும் அவருடைய வாப்பாவின் மேல் போய் விழும். அப்போதுதான் திரும்பக் கிடைத்த வாப்பா.

"ஓம் தங்கச்சி, கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த மென்பொருளை எடுங்கள். வேகம் குறைந்தால் குறையட்டும். ஒரு டிரைவில் சரிவராவிட்டால் இன்னொரு டிரைவைத் தேடுங்கள், பஸ்ஸில் வந்தாலும் பரவாயில்லை. நிச்சயமில்லாத இடங்களை ஒரு தாளில் எழுதிப் பிரதியோடு கொடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பூசிமெழுகியால் நான் இறக்கிக் கொடுத்த மற்ற சிடிகளைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். முகம் ஞாபகம் வருகிற வீடுகளுக்குப் போய்க் கேட்கிறேன். 'நல்லா ஓடுது நானா' என்கிறார்கள். நல்லா ஓடுது என்கிற சொல்லை நான் இப்போது நம்புவதில்லை.

ஆட்களின் பதிவைக் கேட்காதீர்கள் என்றும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்கிறேன். கேட்காதீர்கள். முன்பு இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறாது.